வயிற்றை உப்பிக்கொண்ட குதிரை

குதிரைகள் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், குதிரையின் வெற்று முதுகில்தான் எல்லோரும் ஏறினார்கள்.

மேட்டு நிலத்தில் சுனை வற்றியது. அங்கே வாழ்ந்த கூட்டம் முழுவதும் மலைக்கு அப்பாலிருந்த ஆற்றுக்குப் புறப்பட்டுப் போனது. இடுப்பெலும்பு முறிந்த சேந்தியால் நடக்க முடியவில்லை. அவளைச் சுமப்பதாகச் சொல்லி அவளுடைய குதிரை கருஞ்சுழி மட்டும் தங்கியது. ஆனால் அதன் முதுகெலும்பின்மேல் புண் வெடித்திருந்தது.

"உன் எலும்பு என் எலும்பில் உட்கார்கிறது. இன்னொரு முறை ஏறினால் இரண்டு பேரும் வழியிலேயே கிடப்போம்" என்றது குதிரை.

சேந்தி அழவில்லை. தோல் கூடாரத்தைக் கிழித்தாள். உலர்ந்த புல்லைத் திணித்து இரண்டு மெத்தைகள் தைத்தாள். இரண்டையும் வளைந்த கட்டைகளால் இணைத்து நடுவில் இடைவெளி விட்டாள். புண்ணின்மேல் எதுவும் படாது என்று வாக்குக் கொடுத்தாள். மெத்தை வழுக்காமலிருக்க குதிரையின் வயிற்றைச் சுற்றி ஒரு தோல் வார் வேண்டியிருந்தது.

வாரைக் கண்டதும் கருஞ்சுழி பின்வாங்கியது. மனிதர்கள் அந்தக் குதிரையை முதன்முதலில் பிடித்ததும் ஒரு கயிற்றால்தான்.

"அளவை நீயே சொல், அதற்குமேல் இறுக்க மாட்டேன்" என்றாள் சேந்தி.

குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டது. "இதுதான் என் அளவு."

அவள் நம்பிக் கட்டினாள். பாறையைப் பிடித்து ஏறினாள். மலைச்சரிவில் குதிரை அடக்கியிருந்த மூச்சை வெளியே விட்டது. வார் தொங்கியது, மெத்தை வயிற்றுக்கடியில் புரண்டது. சேந்தி கற்களில் விழுந்தாள். எழ முயன்று முடியாமல் அப்படியே கிடந்தாள்.

"நல்ல அளவுதான் சொன்னாய்" என்றாள். "படு."

குதிரை அவளருகே மண்டியிட்டது. அதன் பிடரியைப் பற்றிக்கொண்டு, அது எழுந்தபோது அவளும் எழுந்து, மெத்தையைச் சரியாக வைத்தாள். இம்முறை எதுவும் கேட்கவில்லை. வயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தாள். மூச்சு வெளியேறியதும் வாரை இழுத்தாள். இடைவெளி புண்ணுக்கு நேராக இருக்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள்.

கருஞ்சுழி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. அவள் மறுபடி ஏறியதும் நடந்து, பொழுது சாயும்போது அவளை ஆற்றங்கரையில் இறக்கியது.

குதிரை பேச்சை விட்டது அந்தச் சரிவில்தான். வார் இறுகும்போது இன்றும் அது வயிற்றை உப்பிக்கொள்கிறது. ஏறுகிறவர்கள் அதைச் சற்று நடத்திவிட்டு, எதுவும் கேட்காமல் மறுபடி இறுக்குகிறார்கள். சேணத்தின் நடுவில் அந்த இடைவெளியை மட்டும் அன்றிலிருந்து யாரும் அடைக்கவில்லை.