மேற்குமலை ராஜாவின் தலை ஆடிய கதை

வேங்கைக்கோட்டை ராஜா கண்டீரவ பூபதியிடம் ஒரு மண்டபம் நிறையப் பழைய தந்தி வாத்தியங்கள் இருந்தன. முதலை வாய் பிளந்த மாதிரி ஒரு மகர யாழ், யாளி முகம் வைத்த வீணைகள், கோட்டு வாத்தியம், சாரங்கி, ஆள் உயரத் தம்புராக்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்தில் வாங்கியது பாதி, சண்டையில் தூக்கிக்கொண்டு வந்தது பாதி. பட்டு விரித்து வைத்து வந்தவர்களுக்குக் காட்டியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ராஜா அதோடு விட்டாரா? ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தும் காட்டுவார்!

அந்த வாசிப்பை என்னவென்று சொல்வது? எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் கூட இதைவிடச் சுருதியாக அழும்.

வாத்தியங்களுக்கு நரம்பு மாற்றி, மெழுகு வைத்து, ராஜாவுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அங்கயற்கண்ணி அம்மாள். மந்திரி திருவம்பலத்துக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மந்திரி மகன் வீணை கற்க வந்தபோது, “இவனுக்குக் காது கடுக்கன் போட மட்டும்தான்” என்று அம்மாள் திருப்பி அனுப்பியிருந்தார்.

மேற்குமலை ராஜா விருந்துக்கு வருவதாக ஓலை வந்தது. மந்திரி நேரம் பார்த்துப் போட்டார் ஒரு போடு.

“மகாராஜா, நீங்கள் வாசிக்கும்போது விருந்தாளி ரசித்துத் தலையாட்ட வேண்டும். ஆட்டவில்லையென்றால் பாடம் சொன்னவர் மேல்தானே குற்றம்? அம்மாள் நாட்டைவிட்டுப் போகட்டும். அவருடைய சொந்த வீணை நம் மண்டபத்துக்கு வரட்டும்.”

“சரிதான்!” என்றார் ராஜா. தன் வாசிப்பில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. அது அவருடைய தாயார் வாசித்த வீணை.

சபையில் சடைக்கண்ணு என்று ஒருவன் இருந்தான். மாட்டுத் தரகு பார்த்தவன். ஒரு கிழட்டுக் காளையை ராஜாவிடமே விற்று, அந்தச் சாமர்த்தியத்துக்காகவே அரண்மனையில் வேலைக்கு வந்தவன். அவன் எழுந்தான்.

“மகாராஜா, பேரத்தைத் தெளிவாகப் பேசிவிடலாம். தலை ஆடினால் போதுமா? வாயால் சபாஷ் சொல்ல வேண்டுமா?”

“வாய் பொய் சொல்லும். தலை பொய் சொல்லாது” என்றார் மந்திரி.

“அப்போ, தலை ஆடினால் அம்மாள் இங்கேயே இருப்பார். வீணை அவரிடமே இருக்கும். முடிந்ததா?”

“முடிந்தது” என்றார் ராஜா.

“பிறகு பேச்சு மாறக் கூடாது.”

“மாறுவேனா? நான் ராஜா!”

“அதனால்தான் கேட்கிறேன்.”

விருந்து நாள் வந்தது. கறியும் சோறும் முடிந்து, மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சடைக்கண்ணு வெற்றிலைத் தட்டோடு மேற்குமலை ராஜாவின் காலடியில் உட்கார்ந்து, ஒரு கன்றுக்குட்டியின் வாயே அடைத்துப்போகும் அளவுக்குத் தாம்பூலம் மடித்து நீட்டினான். விருந்து கொடுத்த வீட்டுத் தாம்பூலம், மறுக்க முடியாது. வாயில் போட்டபின் சபையில் துப்பவும் முடியாது, வாய் திறந்து பேசவும் முடியாது.

கண்டீரவ பூபதி மகர யாழை மடியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். தூணிலிருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன. விருந்தாளி கல்லாகச் சமைந்தார்.

மந்திரி மீசையைத் தடவினார். சடைக்கண்ணு விருந்தாளியின் காதோரம் குனிந்து ஏதோ கேட்டான். அவ்வளவுதான்! மேற்குமலை ராஜாவின் தலை இடமும் வலமும் ஆடியது. குண்டலம் கன்னத்தில் அடிக்கிற மாதிரி ஆடியது.

“பார்த்தீரா!” என்று கூவினார் ராஜா. சாரங்கியை எடுத்தார். சடைக்கண்ணு மறுபடி குனிந்தான். தலை இன்னும் வேகமாக ஆடியது. கோட்டு வாத்தியத்துக்குக் கிரீடமே நழுவியது.

“மோசடி!” என்று மந்திரி குதித்தார். “இவன் காதில் என்னவோ ஓதுகிறான், மகாராஜா!”

ராஜாவின் கை நின்றது. “என்னடா கேட்டாய்?”

“முதலில் பேரம். தலை ஆடியதா இல்லையா?”

“ஆடியது. அம்மாள் இருக்கட்டும். என்ன கேட்டாய்?”

“இன்னொன்று வாசிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.”

ராஜாவின் முகம் சிவந்தது. “வாத்தியங்கள்தான் மோசம்! பழைய சரக்கு, நரம்பு செத்துப்போச்சு. யார் தொட்டாலும் இப்படித்தான் அழும்!”

நரம்பு கட்டியவருக்குக் கோபம் வராதா? அங்கயற்கண்ணி அம்மாள் எழுந்து வந்தார். “இப்படிக் கொடுங்கள்” என்று அதே மகர யாழை வாங்கினார்.

வாசித்தார்.

போன புறாக்கள் திரும்பி வந்தன என்றால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. ராஜாவே தன்னை மறந்து தொடையில் தாளம் போட்டார்.

“மகாராஜா, மந்திரியைப் பாருங்கள்” என்றான் சடைக்கண்ணு.

கண்ணை மூடிக்கொண்டு மந்திரி சுகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“தலை பொய் சொல்லாதாம். அவரே சொன்னார்.”

பிறகு சடைக்கண்ணு எல்லாருக்கும் கேட்கும்படி விருந்தாளியிடம் அதே கேள்வியைக் கேட்டான்: “இன்னொன்று வாசிக்கச் சொல்லட்டுமா?”

வாய் நிறைய வெற்றிலையோடு மேற்குமலை ராஜாவின் தலை இந்தத் தடவை மேலும் கீழும் ஆடியது.

கண்டீரவ பூபதி ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அம்மா, இனி இந்த மண்டபத்தில் நீங்கள்தான் வாசிக்க வேண்டும். நான் என் அறையில் தனியாக வாசித்துக்கொள்கிறேன். டேய் சடைக்கண்ணு, உனக்கு என்ன வேண்டும்? கேள்!”

“ஒரு வெற்றிலைப் பெட்டி, மகாராஜா. அது எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.”

“இவ்வளவு போதுமா? எதற்கு?”

“உங்கள் அறைக்குப் பக்கத்து அறையில்தான் நான் படுக்கிறேன். நீங்கள் வாசிக்கும்போதெல்லாம் என் வாய் அடைத்திருந்தால், அது நம் இரண்டு பேருக்குமே நல்லது.”