தெரிந்த கோப்புகள்

இருபத்தாறு வருடம் கைரேகை பார்த்த அருளப்பன், ஐம்பத்திரண்டு வயதில் கணினித் தடயப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். அங்கே அவருக்குக் குரு ஜமீலா. அவர் மகள் வயதுதான் இருக்கும்.

முதல் நாள் ஜமீலா சொன்னார்: "கோப்புக்கும் கைரேகை உண்டு சார். பேரை மாத்தினா அது மாறாது. உள்ள ஒரு எழுத்து மாறினா மொத்தமும் மாறிடும்."

தெரிந்த மென்பொருள்களின் ரேகைகள் ஒரு பட்டியலில் இருக்கும். அதோடு ஒத்துப்போகிற கோப்புகளைத் தள்ளிவிட்டால், மிஞ்சுவது அந்த மனிதருடையது.

பிரேமகலா காணாமல் போய்ப் பதினேழு நாள். சொல்லாமல் போய்விட்டாள், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் கணவர். அவள் மடிக்கணினியில் அருளப்பன் பட்டியலை ஓட்டினார். கணினி தானாக எழுதிக்கொண்ட குப்பைதான் மிஞ்சியது.

"மூணு வருஷம் புழங்கினது மேடம். ஒரு போட்டோ இல்ல, ஒரு கடிதம் இல்ல. ஆள் இருந்த மாதிரியே தெரியல. ஒண்ணுமில்லன்னு எழுதிடவா?"

எழுதினால் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். ஜமீலா பட்டியலைத் திறந்து பார்த்தார்.

"போன வாரம் புதுசா நாலு லட்சம் ரேகை சேர்ந்திருக்கே. யாரு சேர்த்தது?"

"நான்தான். அவங்க ஆபீஸ் மென்பொருள் நம்ம பட்டியல்ல இல்ல. புருஷனுக்கும் அதே ஆபீஸ். அவரே தன்னோட கணினியைக் கொண்டுவந்தார். மென்பொருளைத் தவிர இதுல ஒண்ணுமில்லன்னார். வேலை மிச்சம்னு முழுசா சேர்த்துட்டேன்."

கைரேகைப் பிரிவில் யார் பேச்சையும் நம்பி ஒரு ரேகையைக்கூட எடுத்தவரல்ல அவர். இங்கே நம்பிவிட்டார், பாவம்.

ஜமீலா அந்தச் சேர்க்கையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார்.

திரையில் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. தங்கை கல்யாணப் படங்கள். பாதியில் விட்ட கடிதங்கள். சமையல் குறிப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். யாரோ மெல்ல வந்து அறைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கடைசிக் கோப்பு, அவள் காணாமல் போவதற்கு முந்தின நாள் எழுதியது. இரண்டே வரி.

'நாளை காலை கிளம்புகிறேன். அவருக்குத் தெரியாது.'

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவர் உட்கார்ந்திருந்தார். அருளப்பனைப் பார்த்துப் பணிவாகத் தலையசைத்தார்.

"மேடம்... இதையுமா தெரிஞ்ச கோப்புன்னு தள்ளுச்சு?"

"அவர் கணினியிலயும் இதே ரேகைதான் சார். ஒரு எழுத்துகூட மாறல."

ஜமீலா குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு."