மூன்று பலம் திராட்சை

கேளுங்கள். மேகங்களுக்குத் தாகம் எடுத்தால் ஏரியில் இறங்கி நீர் குடித்துவிட்டுப் போன காலம் அது. அந்த ஏரிக்கரை நாட்டைக் காரிவேந்தன் என்றொரு அரசன் ஆண்டான். நல்லவன்தான். ஆனால் ஏனோ தூக்கம் அவனை விட்டுப் போய்விட்டது.

தூக்கம் போனது, பொறுமை போனது, கடைசியில் நியாயமும் போனது. துடுப்புச் சத்தம்தான் தன்னைத் தூங்கவிடவில்லை என்று சொல்லி, படகோட்டி நக்கனை ஒரு மாதத்துக்குள் நாட்டை விட்டே போகச் சொன்னான்.

நக்கன் அரசி மாதங்கியிடம் வந்து அழுதான். "தாயே, பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீர்மேல்தான் இருக்கிறேன். எங்கே போவேன்?"

"கொஞ்சம் பொறு" என்றாள் அரசி.

அவள் பிறந்த நாட்டில், தூக்கம் வராதவர்களுக்கு உலர்ந்த திராட்சையைப் பாலில் குழைய வேகவைத்துக் கொடுப்பார்கள். ஓர் உழக்குப் பாலுக்கு மூன்று பலம் திராட்சை என்று அம்மா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

அரண்மனைச் சமையலறையிலோ தராசு இல்லை. எல்லாவற்றையும் உழக்கில் முகந்தே அளந்தார்கள்.

"வைத்தியரிடம் தராசு இருக்கிறது. நிறுத்துப் பார்ப்போமா, அம்மா?" என்றாள் சமையல்காரி வஞ்சி.

"எதற்கு? உழக்கு அரிசி எட்டுப் பலம். திராட்சையும் அப்படித்தானே இருக்கும்?" என்ற அரசி, அரை உழக்குக்கும் குறைவாக அள்ளிப் போட்டாள்.

பால் நீர்த்துக் கிடந்தது. குடித்த அரசன் சற்றே கண்ணயர்ந்தான். கனவில் ஒரு வெற்றுப் படகு சருகுபோல் அலைந்தது. கரை சேரவே இல்லை.

மறுநாள் அரசி உழக்கில் திராட்சையை அழுத்தி அழுத்தி நிரப்பி, அவ்வளவையும் போட்டாள். வஞ்சி வாய் திறந்தாள். அரசி கையமர்த்தினாள்.

பால் திகட்டியது. கனவில் படகு பாரம் தாங்காமல் மூழ்கியது. அலறி எழுந்த அரசன், "நாளை மாலைக்குள் நக்கன் போய்விட வேண்டும்!" என்றான்.

அரசி அடுப்படியில் சோர்ந்து உட்கார்ந்தாள். "வஞ்சி, ஓர் உழக்குத் திராட்சை எத்தனை பலம்?"

"தெரியாது, அம்மா. தெரியாததால்தான் நிறுக்கலாம் என்றேன்."

அரசிக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. தராசு வந்தது. திராட்சையை உழக்கில் பொலபொலவென்று கொட்டி நிறுத்தாள், ஓர் எடை. தட்டி நிரப்பி நிறுத்தாள், வேறோர் எடை. அழுத்தி நிரப்பி நிறுத்தாள், இன்னோர் எடை. அரிசியின் எடையோ எதிலும் வரவில்லை. உழக்கை ஓரமாக வைத்துவிட்டு, தராசிலேயே மூன்று பலம் நிறுத்துப் போட்டாள்.

மறுநாள் மதியம் அதைக் குடித்த அரசன் அயர்ந்து தூங்கினான். கனவில் அவனே துடுப்புப் போட்டான். மேகத்தின்மேல் படகு மிதந்தது. துடுப்பு இறங்கிய இடத்தில் ஒரு சத்தமும் இல்லை, பால்போல வெளிச்சம் விலகி விலகி மூடிக்கொண்டது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நக்கன் சட்டிபானைகளை ஏற்றிக்கொண்டு படகைத் தள்ளிவிட்டிருந்தான். அரசன் வெறுங்காலோடு ஓடி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றான்.

"நக்கா, திரும்பி வா! தப்பு உன் துடுப்பில் இல்லையப்பா, என்னிடம்தான்."

படகு திரும்பியது.

ஆகவே, ஒன்றின் அளவு மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு அளந்து பார்ப்பதே அறிவு.