தனியாக விடப் போன தாய்மாமன்கள்

காக்காய் வெள்ளையாக இருந்த காலம் என்று ஒன்று சொல்வார்களே, அதற்கும் கொஞ்சம் முந்தி, கோட்டாங்குளம் என்ற ஊரில் மாசானத்துக்கும் செம்பகத்துக்கும் கல்யாணம் நடந்தது.

மாசானத்துக்குப் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ‘என்னைப் பிடிச்சிருக்கா?’ அவ்வளவுதான். ஆனால் வீடு முழுக்க விருந்தாளிகள். கேட்க வாயெடுத்தால் யாராவது இலை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். சோறும் கேள்வியுமாக அவன் வயிறு உப்பிப் போனது.

செம்பகத்தின் அப்பா இதைப் பார்த்தார். பெண்ணின் தாய்மாமன்கள் மூவரையும் கூப்பிட்டார்.

“சிறுசுக ரெண்டும் குத்தாலத்துக்குப் போயிட்டு வரட்டும். அங்கேயாவது அதுகளைத் தனியா விடுங்கப்பா. தாய்மாமன் நீங்கதான் பொறுப்பு.”

பெரியவர் சப்பாணி, நடுவில் உள்ளவர் இசக்கி, சின்னவர் கொம்பையா மூவரும் வேப்பமரத்தடியில் கூடி யோசித்தார்கள்.

“தனியா விடணும்னா, விடுறதுக்கு நாம அங்க இருக்கணும்லா?” என்றார் சப்பாணி.

“இங்க இருந்துக்கிட்டு அங்க எப்படி விட முடியும்?” என்றார் இசக்கி. கொம்பையா மூட்டை கட்டினார்.

பஸ்ஸில் கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டார். “தனியாப் போறது ரெண்டு, தனியா விடுறது மூணு,” என்றார் சப்பாணி. கண்டக்டர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

குற்றாலத்தில் சாரல் சீசன். ஊரெல்லாம் தலை. மாமன்கள் மலைக்கவில்லை. மூட்டையிலிருந்து ஒரு நீள வேட்டியை உருவி, ஜோடியை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் திரையாகப் பிடித்து, வெளிப்பக்கம் பார்த்து நின்றார்கள். காதில் பஞ்சும் வைத்துக்கொண்டார்கள்.

மாசானம் தொண்டையைச் செருமினான். “மாமா, நாங்க பேசுறது கேக்குதா?”

“ஒண்ணுமே கேக்கலை மாப்ளே, தாராளமாப் பேசுங்க,” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

அதற்குள் திரைக்குள்ளே சாமி என்று எவரோ சொல்லிவிட, கூட்டம் வரிசை கட்டியது. ஒரு ஆச்சி வேட்டிக்கு மேலாகக் கைவிட்டு மாசானத்தின் தலையில் ரெண்டு வாழைப்பழத்தை வைத்துக் கும்பிட்டாள். பின்னால் வந்தவர்கள் பூசிவிட்ட திருநீறு நெற்றி நிறைய இருக்க, எப்படிக் கேட்பது? கேள்வி திரும்பவும் உள்ளே போய்விட்டது.

“கூட்டம் ஆகாது. லாட்ஜுக்குப் போவோம்,” என்றார் சப்பாணி.

லாட்ஜில் மாமன்கள் முதலில் அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள். வெளியே நின்ற மாசானம் தட்டினான்.

“யாரு?”

“நாங்கதான் மாமா. உள்ள வரணும்.”

“அதெப்படி? புது ஜோடிக்கான அறை. உள்ள யாரும் வரக்கூடாது.”

“நீங்க இருக்கீங்களே?”

“யாரும் இல்லைன்னு யாராவது உள்ள இருந்து பார்த்தாத்தானே தெரியும்?” என்றார் இசக்கி.

மாசானத்துக்கு அது நியாயமாகவே பட்டது. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். சுற்றுமுற்றும் ஒரு ஈ காக்காய் இல்லை. தோளோடு தோள். மாசானம் வாயைத் திறந்தான்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள் செம்பகம். “மாமா யாரும் பக்கத்துல இல்ல. இப்படித் திறந்த இடத்துல யாராவது வந்துட்டா? முறையாத் தனியா இருக்கும்போது கேளுங்க.”

அதுவும் நியாயம்தான். மாசானம் போய்க் கதவை இடித்து, கெஞ்சி, மாமன்களைப் படிக்கட்டுக்கு அழைத்து வந்தான். வேட்டி சுற்றப்பட்டது. பஞ்சு வைக்கப்பட்டது.

“செம்பகம், என்னைப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு,” என்றாள் அவள், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே. “ஆனா உள்ள வேக்காடா இருக்கு.”

“பிடிச்சிருக்காம்,” என்று சப்பாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நமக்குக் கேக்கலைண்ணே,” என்று ஞாபகப்படுத்தினார் இசக்கி.

அன்றிலிருந்து மாசானமும் செம்பகமும் ரகசியம் எதையும் வேட்டிக்கு வெளியே பேசியதில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்க, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேச, கோபித்துக்கொள்ள, சமாதானமாக, எல்லாவற்றுக்கும் மாமன்களுக்கு ஆள் போகும். கோட்டாங்குளத்தில் மற்ற ஜோடிகளும் இதைப் பார்த்து மாமன் வேட்டி கேட்க ஆரம்பித்தார்கள்.

மாசானத்துக்குத் தலை நரைத்த பிறகு ஒரு சாயங்காலம், குளத்தங்கரையில் வேட்டி சுற்றி நின்றது. உள்ளே செம்பகம், “உங்களை இன்னும் பிடிச்சிருக்கு. அடுப்புல குழம்பு இருக்கு,” என்றாள். இருவரும் குனிந்து, வேட்டிக்கு அடியில் புகுந்து வீட்டுக்கு நடந்தார்கள்.

மாமன்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். சப்பாணிக்கு முழங்கால் வலித்தது, போனார். இசக்கிக்குப் பசித்தது, அவரும் போனார்.

கொம்பையா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வேட்டிக்குள் யாரும் இல்லை. கரையில் யாரும் இல்லை. அவர் மட்டும்தான். ஆக, கொம்பையா தனியாக இருந்தார்.

தனியாக இருக்கிறவரைத் தொந்தரவு செய்யலாமா? காதுப் பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார். வேட்டியைத் தோளில் போட்டார். தன்னை அங்கேயே நிம்மதியாக விட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் நுனிக்காலில், திரும்பியே பார்க்காமல் நடந்து போய்விட்டார்.