இருநூற்றைம்பது லென்ஸும் மொட்டைக் கரடும்

கூத்தன்பட்டியில் சினிமா எடுத்த கதையை நாமே சொல்லிவிடுவது நல்லது. அந்த ஊர் ஆட்களைச் சொல்ல விட்டால், எல்லாம் சரியாகத்தான் நடந்தது என்று உங்களை நம்ப வைத்துவிடுவார்கள்.

பூவராகன் அந்த ஊர் வீடியோகாரன். காதுகுத்து, வளைகாப்பு எதையும் விட்டதில்லை. ஆனால் அவன் எடுத்தால் படம் ஆடும். அக்கா மகளின் காதுகுத்து வீடியோவைப் பார்த்த மூன்று பேருக்குத் தலை சுற்றி, எலுமிச்சம்பழம் வாங்க ஆள் ஓடியது. அக்கா வீட்டுக்காரர் குழந்தைவேலு மாமா, மொட்டைக் கரடு என்கிற பாறைக்குன்றின் அடிவாரத்தில் மாவு மில் வைத்திருக்கிறவர், அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு ஷாட், மாப்ள. ஆளு ஆடாம அசையாம எடுத்துக் காட்டு, நீ கேமராக்காரன்னு ஒத்துக்கிறேன். இல்லைன்னா திங்கக்கிழமை மில்லுக்கு வந்துடு. மிளகாய் அரைக்க ஆளில்லை."

பூவராகனுக்குக் கேமரா என்றால் உயிர், மிளகாய் என்றால் தும்மல். உடனே ஒரு படை சேர்ந்தது. டைரக்டர் வீரபத்திரன். ஹீரோ இளவழகன். பந்தல்கால் நட்டுப் பழகிய நல்லுசாமி. நாலு பேரில் விவரம் தெரிந்தவன் தான்தான் என்று பூவராகன் நினைத்தான். மற்ற மூவரும் தங்களைப் பற்றி அதையேதான் நினைத்தார்கள்.

சென்னையில் சினிமா கேமராவை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் போய் நின்றார்கள். கடைக்காரர் தொடை பருமனில் ஒரு ஜூம் லென்ஸை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது இருபத்தஞ்சுல இருந்து இருநூத்தம்பது வரைக்கும் போகும்."

அவர் சொன்னது மில்லிமீட்டர் கணக்கு. வீரபத்திரன் மற்றவர்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"டேய், நம்ம ஊரு இங்கருந்து எத்தனை கிலோமீட்டர்?"

"இருநூத்தம்பது."

"அப்ப எதுக்குடா ஊருக்குப் போகணும்? இந்த வாசல்ல நின்னே எடுத்துடலாமே!"

"நடுவுல விழுப்புரம் மறைக்கும்," என்றான் நல்லுசாமி.

"மாடியில ஏறி நின்னா?"

"அப்பவும் வழியில டோல்கேட் இருக்கு. இம்மாம்பெரிய லென்ஸைச் சும்மா விடுவானா?"

பூவராகன் யோசித்தான். டோல்கேட் சங்கதி அவனுக்கும் நியாயமாகப் பட்டது. ஊருக்குப் போயே எடுப்பது என்று முடிவாயிற்று.

கடைக்காரர் பெட்டியை மூடும்போது இரண்டு விஷயம் சொன்னார். "கேமராவை விட இந்த லென்ஸ் கனம். அடியில முட்டுக் கொடுக்காம ஒரு நிமிஷம்கூட விடாதீங்க. அப்புறம், ஆள் தூரத்துல இருந்தா நீங்க கிட்ட ஓட வேண்டாம். லென்ஸே ஆளைக் கிட்ட கொண்டுவரும்." முட்டுக் கொடுக்க இரண்டு இரும்புக் கம்பியும் ஒரு தாங்கியும் பெட்டியில் போட்டிருந்தார். ஊர் போய்ச் சேர்ந்ததும் வீரபத்திரன் அந்தக் கம்பிகளில் சட்டை காயப்போட்டான்.

ஆனால் சொன்ன சொல்லை மறக்கவில்லை. பஸ் ஏறிய நேரத்திலிருந்து நாலு பேரும் பெட்டிக்கு அடியில் கை கொடுத்தபடி வந்தார்கள்.

"பெட்டிதான் லென்ஸைத் தாங்குதே," என்றான் இளவழகன். அவனுக்குக் கை மரத்துவிட்டது.

"பெட்டியை யார் தாங்குறது? நாமதான்."

"நம்மள?"

"சீட்டு."

"சீட்டை?"

"பஸ்ஸு."

"பஸ்ஸை?"

நால்வரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். கீழே ரோடு இருந்தது. திருப்தியாகிக் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள்.

மறுநாள் ஷூட்டிங். லென்ஸ் அன்று சாயங்காலமே திரும்பப் போக வேண்டும். காட்சி எளிமையானது: தூரத்தில் மொட்டைக் கரட்டின் மேல் ஹீரோ நின்று கண் கலங்குகிறான். இளவழகன் கரடு ஏறிப் போனான். பூவராகன் லென்ஸின் வளையத்தைத் திருப்பினான். மானிட்டரில் இளவழகனின் முகம் மூக்கு முட்டுகிற மாதிரி வந்து நின்றது.

வீரபத்திரன் மானிட்டருக்கு அருகில் குனிந்து மெதுவாகச் சொன்னான். "தம்பி, லேசா கண் கலங்கு."

இளவழகன் காதைச் சொறிந்தான்.

"பாத்தியா திமிர! காதுக்கிட்ட வந்து சொல்றேன், கேக்காத மாதிரி நிக்கிறான்."

"ஹீரோ ஆயிட்டான்ல. மரியாதையாச் சொல்லிப் பாரு," என்றான் பூவராகன்.

"தம்பி இளவழகன் அவர்களே..."

இளவழகன் கொட்டாவி விட்டான். அதில் கண் கொஞ்சம் கலங்கியது. மரியாதைக்குப் பலன் உண்டு என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பூவராகன் அதைக் கவனித்தான். படம் ஆடிக்கொண்டிருந்தது. மேலே போகிறது, கீழே வருகிறது. மாமாவும் மிளகாய் மூட்டையும் கண்முன் வந்து போனார்கள். குனிந்து பார்த்தான். லென்ஸுக்கு அடியில் நல்லுசாமி குத்த வைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெஞ்சாலும் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் மூச்சை இழுத்தால் லென்ஸ் ஏறியது, விட்டால் இறங்கியது.

"டேய், மூச்சு விடாத!"

நல்லுசாமி முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததும், "முடியலண்ணே," என்றான்.

"வீரபத்திரா, அவனுக்குப் பதிலா நீ விடேன்."

வீரபத்திரன் பக்கத்தில் உட்கார்ந்து புஸ்புஸ்ஸென்று விட்டுப் பார்த்தான். நல்லுசாமிக்கு அதனால் ஒரு சுகமும் இல்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூவராகன் வளையத்தை எதிர்ப்பக்கம் திருப்பிச் சூரியனைக் கொஞ்சம் தள்ளி வைத்தான், மறைய நேரமாகட்டும் என்று. பிறகு அவன் மண்டையில் பளிச்சென்று ஒன்று உதித்தது.

"லென்ஸ் மேல போறப்ப ஹீரோவும் மேல போயிட்டா? லென்ஸ் இறங்குறப்ப அவனும் இறங்கிட்டா? ஆளு அசையாம நிப்பான்ல!"

வீரபத்திரன் அவனைக் கட்டிக்கொண்டான், கரடேறிப் போய் இளவழகனிடம் சொல்லிவிட்டும் வந்தான். நல்லுசாமி மூச்சை இழுத்தால் வீரபத்திரன் சிவப்புத் துண்டை வீசுவான், இளவழகன் எழுந்திருக்க. விட்டால் வெள்ளைத் துண்டு, இளவழகன் முட்டி மடக்க. கரட்டின் மேல் அவன் நூற்றிருபது தோப்புக்கரணம் போட்டான். அதில் கண்ணீர் தானாகவே வந்தது. மானிட்டரில் பார்த்தால், ஹீரோ ஆணி அடித்த மாதிரி நிற்கிறான். பின்னால் மொட்டைக் கரடுதான் ஏறி ஏறி இறங்கியது.

"கரடு ஆடுதே?"

"ஆடிட்டுப் போகட்டும். மாமா ஆளைத்தானே சொன்னாரு?"

ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைச் சுவரில் படம் போட்டார்கள். ஊரே திரண்டது. பூவராகன் படத்தைப் பார்க்காமல் மாமாவின் முகத்தையே பார்த்தான். மாமா சுவரை வெறித்தபடி இருந்தார். படம் முடிந்ததும் எழுந்தார்.

"மாப்ள, ஆளு அசையல."

"ஆமா மாமா."

"கரட்டை ஆட்டினது யாரு?"

"நான்தான் மாமா."

மாமா இரண்டடி பின்வாங்கினார். "நீ மில்லுப் பக்கமே வராத. ஒரு மலையையே ஆட்டுறவன் கையில எந்திரத்தைக் குடுத்தா என்னத்துக்கு ஆகும்? நீ கேமராக்காரனாவே இரு."

பூவராகனுக்குச் சந்தோஷத்தில் தும்மலே வந்தது. ஆனால் மாமா நகரவில்லை.

"இன்னொண்ணு பேசணும். படம் முடியிறப்ப கரடு மேல ஏறின வாக்குல நின்னுபோச்சு. ரெண்டு விரக்கடை தூக்கலா நிக்குது. மழை வந்தா அடியில தண்ணி பூந்து நேரா என் மில்லுக்குத்தான் வரும். போறதுக்கு முன்னாடி இறக்கி வச்சுட்டுப் போ."

பூவராகன் மற்ற மூவரையும் கலந்து பேசினான். மாமா சொன்னது உண்மைதான். கடைசியில் நல்லுசாமி மூச்சை விட்ட கையோடு கேமராவை நிறுத்தியிருந்தார்கள். அவன் இழுத்தபோதெல்லாம் கரடு இறங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இழுக்க வேண்டும். ஒருத்தன் இழுத்து மலை இறங்குமா? ஊரே அடிவாரத்துக்குப் போயிற்று. வீரபத்திரன் ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான். முந்நூறு பேர் மூச்சை இழுத்தார்கள். குழந்தைவேலு மாமா ஒரு கண்ணை மூடி விரல் வைத்துப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டது என்று தலையாட்டினார்.

எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் யாரும் அதை வாய் திறந்து சொல்லவில்லை. மூச்சை விட்டால் கரடு மறுபடி எழும்பிவிடும் என்று, கன்னம் உப்ப, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். முதலில் யார் விடுவது என்று கை ஜாடையிலேயே பஞ்சாயத்து ஆரம்பித்திருந்தது.