தங்கபுஷ்பம் போட்ட வானம்

தென்காசியில் சாரல் அடிக்கத் தொடங்கினால் உப்பு ஜாடியில் மீன் வளர்க்கலாம். அந்த வருஷத்துச் சாரல் அதற்கும் ஒரு படி மேலே. கொடியில் போட்ட வேட்டி காய்வதற்குள் அதன் கரையில் பாசி பிடித்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்னும் உண்டு.

அந்த ஈரம் கோமதிநாயகம் வீட்டு அலமாரிக்குள்ளும் போயிற்று. உள்ளே இருந்த ஒரு படத்தின் மூலையில் மிளகளவுக்குப் பூஞ்சணம் பூத்திருந்தது.

அது அவர் மனைவி தங்கபுஷ்பம் வாட்டர் கலரில் போட்ட படம். கீழே மலை, மேலே பெரிய வானம். மலையை முடித்து, மேகங்களையும் முடித்துவிட்டு, "நாளைக்கு வானத்து மேல ஒரு கை அந்திக் கலர் ஓட்டிட்டா தீந்துது" என்று சொல்லிப் படுத்தவள். விடிந்தபோது பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. வாய் தப்பியது. அன்றிலிருந்து விழுந்த கையின் வேலையையும் அந்த வாயே சேர்த்துப் பார்த்தது.

மிச்சமிருக்கும் அந்தியைத் தானே போட்டு முடிப்பதாகக் கோமதிநாயகம் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே, அவளுக்குப் படம் போடச் சொல்லிக்கொடுத்த செண்பகவடிவிடம் ஒரு வருஷமாகப் படித்து வந்தார். டீச்சருக்கு நாற்பது வயது. மாணவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

டீச்சர் லேசுப்பட்டவள் அல்ல. அவள் போட்ட சாரல் படத்தை வாங்கி மாட்டிய ஒருவர், அது தொங்கிய சுவரில் ஓதம் இறங்குகிறதென்று சண்டைக்கே வந்தார்.

மாணவரும் லேசுப்பட்டவர் அல்ல. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறுகிய கை. அந்தக் கையைக் குலுக்கிய ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் ஒரு வாரம் இடது கையால்தான் கொடி காட்டினாராம்.

பூஞ்சணத்தைப் பார்த்ததும் கோமதிநாயகம் படத்தைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினார். செண்பகவடிவு அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"இனி வச்சுப் பாக்க முடியாது அண்ணாச்சி. அடுத்த சாரலுக்கு இந்தத் தாள் நிக்காது. சட்டுனு முடிச்சுக் கண்ணாடிக்குள்ள போட்டுறணும்."

"பிசகிட்டா?"

"அடியில காஞ்சு கிடக்கிற வானம் கரைஞ்சு மேல வந்துரும்."

"வந்தா திரும்பப் போட்டுக்கிடலாம்லா?"

"யாரு போடுதது?"

கோமதிநாயகம் படத்தை வாங்கித் துண்டால் மூடிக்கொண்டார்.

அவருக்கு ஒரு பயம் ஏற்கெனவே இருந்தது. வகுப்பில் அவர் ஒரு கலர் மேல் இன்னொரு கலரை ஓட்டும்போதெல்லாம், காய்ந்து கிடந்த முதல் கலர் எழுந்து வந்து சேறாகிவிடும். தாளைக் குறை சொன்னார். கலரைக் குறை சொன்னார். தன் பிரஷ்ஷை மட்டும் சொல்லவில்லை. அது விறைப்பான பிரஷ். அழுத்தினால் எதிர்த்து நிற்கும், விட்டால் துள்ளி நிமிரும். எஞ்சின் மாதிரி, கைக்குக் கட்டுப்பட்ட சாமான் என்று அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

இந்தப் படத்துக்கு வேறு பிரஷ் வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். விஷயம் கேள்விப்பட்ட பழைய சிநேகிதர் ஒருவர், யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த கீரிமுடி பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காலத்துச் சரக்கு, இப்போது விற்றால் போலீஸ் பிடிக்கும் என்று பெருமையோடு சொன்னார். தங்கபுஷ்பம் படுத்த வாக்கிலேயே அவரை ஏற இறங்கப் பார்த்து, என் வானத்தைத் துடைக்க ஒரு கீரி சாகணுமோ, உங்க தலையிலே நாலு முடி மிச்சம் இருக்கே என்று கேட்டாள். சிநேகிதர் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஆகவே செயற்கை முடி வைத்த சிந்தெடிக் பிரஷ்தான் என்று முடிவாயிற்று. டீச்சரும் மாணவரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள்.

கடைக்காரர் மைதீன் பிச்சை, பிரஷ்களை ஒரு தட்டில் பரப்பி வைத்தார். எல்லாம் உருண்டை பிரஷ், எல்லாம் பெரிய சைஸ். கோமதிநாயகம் ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்தார். நுனி ஊசிபோல் நின்றது. இதைவிடக் கூராக இருந்தால் ஊசிதான் போடலாம் என்று கடைக்காரரும் சிபாரிசு செய்தார்.

செண்பகவடிவு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாள்.

"நனைச்சா வாங்கினதுதான் அக்கா. அப்புறம் சங்கடப்படக் கூடாது" என்றார் மைதீன் பிச்சை.

"நனைக்கிறதை எல்லாம் எடுத்துக்கிடுதோம் பாய்."

ஊசி பிரஷ் தண்ணீருக்குள் போயிற்று. புதுப் பிரஷ் கலையாமல் இருக்கத் தடவியிருந்த பசை வெள்ளையாக மிதந்து வந்தது. அவள் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறினாள். சண்டைக்கோழியின் கழுத்துபோல முடி நாலாபக்கமும் விரிந்து நின்றது.

மைதீன் பிச்சை வேறு பக்கம் திரும்பி மின்விசிறியைப் பார்த்தார்.

கோமதிநாயகம் இரண்டாவதை எடுத்தார். டீச்சர் நனைத்து உதறினாள். நுனி கூராகக் கூடியது. விறைப்பும் இருந்தது. இதுதான் என்றார் அவர், வீட்டில் இருப்பதன் தம்பி மாதிரி இருக்கிறது என்றார்.

அவள் தட்டின் ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்து நனைத்தாள். ரொம்பத் தண்ணீர் குடித்தது அது. உதறினாள். நுனி கூடியது, ஆனால் தலை தொங்கியது. கோமதிநாயகம் வாங்கித் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். அழுத்தியபடி படுத்துக்கொண்டது. விட்டார். படுத்தே கிடந்தது.

"செத்த எலி வால் மாதிரி இருக்கு டீச்சர். இது என் பேச்சைக் கேக்காது."

"கேக்காதுதான்."

"பின்ன எதைப் பாத்துத்தான் எடுக்கச் சொல்லுதீங்க?"

"கண்ணை மூடுங்க."

அவர் கடைக்காரரைப் பார்த்தார். வாசலில் நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். மூடினார்.

இடது இமையில் ஏதோ பட்டது. முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அது விரிந்து நின்ற முதல் பிரஷ். வாசலில் யாரோ சிரித்தார்கள். அடுத்தது பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார், தலைதான் தானாகப் பின்னால் போயிற்று. அது விறைப்பான பிரஷ். மூன்றாவதற்காகக் காத்திருந்தார். வலிக்கப் போகிற ஊசிக்குக் காத்திருக்கிறவன்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன டீச்சர், இன்னும் ஆரம்பிக்கலையா?"



கண்ணைத் திறந்தார். செண்பகவடிவு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். மைதீன் பிச்சை அந்தத் தலை தொங்கிய பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். மின்விசிறிக் காற்று பட்டதும் இடது இமையில், மூக்கோரம் தொடங்கிக் கடைக்கண் வரை, ஒரு கோடு குளிர்ந்தது.

பஸ்ஸில் அவர் அந்த இமையைத் துடைக்கவில்லை.

மறுநாள் சாரல் விட்டு வானம் வெறித்தது. மத்தியானத்துக்கு மேல் சுள்ளென்று வெயில். இன்றைக்கு விட்டால் இந்த வெயில் கிடைக்காது என்று டீச்சரே வீடு தேடி வந்துவிட்டாள். படத்தைப் பலகையில் பொருத்தி, தலைப்பக்கம் லேசாகத் தூக்கி மேஜையில் வைத்தார்கள். கிண்ணத்தில் அந்திக் கலரைக் கரைத்தார்கள். எதிரே நாற்காலியில் தங்கபுஷ்பம்.

அவள் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள். மூக்கைச் சொறிவதென்றால் இப்போதே சொறிந்துகொள்ளச் சொன்னாள். வானம் என்ன தண்டவாளமா, இவர் அதன்மேல் எதையாவது ஏற்றாமல் இருக்கணுமே என்று டீச்சரிடம் முறையிட்டாள். அவர் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் முக்கியதும் பேச்சு நின்றது. இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் பேசாமல் இருந்ததைக் கோமதிநாயகம் அதற்கு முன் ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருந்தார்.

"போட ஆரம்பிச்சா நிக்கக் கூடாது" என்றாள் செண்பகவடிவு, தாழ்ந்த குரலில்.

பிரஷ்ஷை இடது ஓரத்தில் வைத்தார். வைத்தோமா என்று தெரியவில்லை. கைக்கு எதுவும் திரும்பி வரவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் இறக்கத்தில் போகிறதுபோல் இருந்தது. பழக்கத்தில் அழுத்தினார். முடி தழைந்து படுத்ததே தவிரத் தாளைப் பிராண்டவில்லை. வலது ஓரம் வரை ஓட்டினார். கோட்டின் அடியில் கலர் சொட்டுகள் கோத்த மாலைபோலத் தேங்கி நின்றது. அடுத்த ஓட்டத்தில் அந்த மாலையைத் தொட்டுக் கீழே இறக்கினார்.

மேகம் வந்தது. தங்கபுஷ்பம் ரொம்பப் பாடுபட்ட மேகம், விளிம்பு பால் ஆடைபோல் இருக்கும். அங்கே கை நடுங்கியது. நடுக்கம் பிரஷ்ஷின் கழுத்தோடு நின்றுவிட்டது, நுனிக்கு இறங்கவில்லை. மேகத்தின் மேல் போனார். தாண்டினார். மேகம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

மலை வரைக்கும் வந்துவிட்டார். பிரஷ்ஷைத் தூக்கினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. மலை உச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி அகலத்துக்குக் கலர் படாமல் விட்டுப்போயிருந்தது.

பிரஷ்ஷில் இன்னும் ஈரம் இருந்தது. கை தானாகக் கீழே போயிற்று.

"ஒரே ஒரு பொட்டு. வச்சிரட்டுமா டீச்சர்?" என்று மூச்சுக்குள் கேட்டார்.

"சிக்னலைத் தாண்டின பிறகு யாரைக் கேட்டு வண்டியைப் பின்னால எடுப்பீங்க அண்ணாச்சி?" என்றாள் அவள், அவர் காதுக்கு மட்டும்.

கை அந்தரத்தில் நின்றது. பிரஷ் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. சொட்டு நீண்டது. இடது உள்ளங்கையை அதற்குக் கீழே கொண்டுபோய் ஏந்தினார். அந்தி அவர் கையில் விழுந்தது.

செண்பகவடிவு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினாள்.

தாளின் ஈரப் பளபளப்பு மெல்ல அடங்கியது. சத்தமே இல்லாததால் தங்கபுஷ்பம் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதை. படத்தைப் பார்த்தாள். மேகத்தைத் தேடினாள், இருந்தது. பால் ஆடையைத் தேடினாள், அதுவும் இருந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த விரல்கள் இளகின.

"விளக்கைப் போடுங்க" என்றாள். "வெளிச்சம் மங்கிப்போச்சு பாருங்க, படமே இருட்டிக்கிட்டு வருது. நீங்க எப்பத்தான் ஆரம்பிக்கப் போறீங்க?"

ஜன்னலுக்கு வெளியே வெயில் தகரக் கூரையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

கோமதிநாயகம் ஏந்திய கையை மூடிக்கொண்டு டீச்சரிடம் போனார். குரலைத் தாழ்த்தி, ஒரு வருஷத்துப் பெருமையோடு கேட்டார்.

"போட்டாச்சுன்னு சொல்லிரவா டீச்சர்?"

செண்பகவடிவு பிரஷ் நுனியைத் துணியில் ஒற்றினாள்.

"கடையிலே மூணாவது பிரஷ் பட்டதை நான் சொன்னேனா?"