தானே திறந்துகொள்ளும் பக்கம்

குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது அதிகம். திருச்சியில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

சீடர் சவரிமுத்து ஓய்வுபெற்ற தாசில்தார். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், குழந்தைகளுக்கான பழைய புத்தகங்களைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சிடும் பூங்கோதையிடம் வந்து, "இந்தத் தொழிலைக் கத்துக் கொடுங்கம்மா" என்று நின்றார். பூங்கோதை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டுப் பழகின கையாச்சே. புத்தகக் கட்டுப் பிரிக்குமா?"

"பிரிக்கும்மா."

அன்றிலிருந்து சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த இரண்டு அறைப் பதிப்பகத்தில் அவர் சீடர்.

சவரிமுத்துவுக்கு ஒரே ஓர் ஆசை. 'உப்புக்காரச் சிறுமி' மறுபடி அச்சில் வரவேண்டும். எழுத்துக்கூட்டாமல் அவர் படித்த முதல் புத்தகம் அது. கடைகளில் இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கதை சின்னதுதான். ராஜா வீதியில் வரும்போது ஊரே சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பது கட்டளை. ஊர் திரும்பி நிற்கிறது. தலையில் உப்புக் கூடையோடு வந்த சிறுமி மட்டும் திரும்பவில்லை. ஏன் என்று ராஜா கேட்கிறார். "நான் சுமை தூக்கி வரேன், ராசா. பிடிக்கலைன்னா நீங்க திரும்பிக்கங்க" என்கிறாள்.

ஆசிரியரின் மகள் உரிமையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கத்தான் ஆள் இல்லை. அந்தச் சமயத்தில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் நடத்தும் ஒரு குழுமத்திலிருந்து சவரிமுத்துவுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார்.

"அம்மா, எல்லாப் பள்ளிக்கும் எடுத்துக்கிறாங்களாம். ஆயிரக்கணக்குல. பசை பைண்டிங் போதுமாம், வருஷம் முடிஞ்சா புதுசு வாங்கிக்குவாங்களாம்."

"நல்லது."

"ஒரே ஒரு பக்கம் மட்டும் வேணாமாம்."

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பதில் சொல்ற பக்கம்தான். அதுக்குப் பதிலா அவ மன்னிப்புக் கேட்கணும், ராஜா மன்னிச்சு அனுப்பணும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நானும் சரின்னுட்டேன்."

"சரின்னுட்டீங்களா?"

"வாக்குக் கொடுத்துட்டேம்மா. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி?"

"மீசை உங்களுக்குத்தான் இருக்கு, சார்" என்றார் பூங்கோதை. "சேர்த்து வச்ச பழைய பிரதியெல்லாம் கொண்டாங்க."

அச்சுக்குத் தோதான பிரதி தேடிச் சவரிமுத்து பழைய புத்தகக் கடை, மூடிய வாசகசாலை, தெரிந்தவர் வீட்டுப் பரண் என்று அலைந்து சேர்த்தவை அவை. ஒரு பையில் எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஒன்றின் முதுகில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒன்றுக்கு அட்டையே இல்லை. இன்னொன்றைச் சுற்றிச் சினிமா நோட்டீஸ்.

"முதுகு கீழ இருக்கிற மாதிரி நிறுத்துங்க. கையை விட்டுருங்க."

பிளாஸ்திரி ஒட்டியதை நிறுத்திக் கையை விட்டார். அது இரண்டாகப் பிரிந்து படுத்தது. சிறுமி ராஜாவுக்குப் பதில் சொல்லும் பக்கம்.

அட்டை இல்லாததை நிறுத்தினார். அதே பக்கம். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை.

தாசில்தாராக இருந்தவர் சாட்சியை அப்படியே நம்பிவிடுவாரா? அட்டை இல்லாததை மூடி, நன்றாக அழுத்தி, மறுபடி நிறுத்தினார். மறுபடி அதே பக்கம். சினிமா நோட்டீஸ் சுற்றியதும் அங்கேதான் திறந்தது. அதில் அந்தத் தாள் மட்டும் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. யாரோ அதைச் சணலால், கோணி தைக்கிற தையலில், பிடித்துத் தைத்திருந்தார்கள். தையல் கோணல்மாணல். தைத்த கை பெரியவர் கையாக இருக்காது.

சவரிமுத்து அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கே, சார்."

பையில் இருந்த கடைசிப் பிரதி, அழுக்குப் படாதது. அவர் பொக்கிஷமாகப் பொத்தி வைத்திருந்தது. அதை நிறுத்திக் கையை விட்டார். திறக்கவே இல்லை. கட்டையாக ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது.

"இது எங்க கிடைச்சது?"

"ஒரு பள்ளிக்கூடத்துல. கண்ணாடி அலமாரியில இருந்ததும்மா."

"இதை வெட்டி ஸ்கேன் பண்ணக் கொடுங்க" என்றார் பூங்கோதை. தன் வேலையைப் பார்க்கப் போனார்.

சவரிமுத்து வெகு நேரம் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல் தவறாதவர் என்று தாலுகா முழுக்கப் பேர் வாங்கியவர் அவர். அந்தப் பேரைத் தானே கெடுத்துக்கொள்வது லேசில்லை. பிறகு போனை எடுத்தார்.

"சார், அந்தப் பக்கத்தை எடுக்க முடியாது. நான் சரின்னது தப்பு. மன்னிக்கணும்."

எதிர்முனையில் இருந்தவர் விடவில்லை. "என்ன சார், ஒரு பக்கத்துக்காக இவ்வளவு பெரிய ஆர்டரையா விடுறீங்க? குழந்தைங்க அதைப் படிச்சுட்டு எங்களையே எதிர்த்துப் பேசவா? எங்க நிர்வாகத்துக்கு அது பிடிக்கலை."

"பிடிக்கலைன்னா நீங்க திரும்பிக்கங்க" என்றார் சவரிமுத்து.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னதில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. எழுந்து போய்ப் பூங்கோதை முன்னால் நின்றார்.

"வாக்கும் போச்சு, ஆர்டரும் போச்சும்மா. இனி நம்ம கையில இருக்கிற பணத்துக்கு முந்நூறுதான் அடிக்க முடியும்."

"அடிப்போம்."

"முந்நூறு பிரதியை வச்சுக்கிட்டு ஒரு புத்தகத்தை எப்படிம்மா சாகாம வைக்கிறது?"

பூங்கோதை எழுந்து வந்தார். மேசையில் விரிந்து கிடந்த சணல் தைத்த பிரதியை எடுத்து, மெதுவாக மூடி, அவர் கையில் கொடுத்தார்.

"பைண்டர்கிட்ட இதைக் காட்டுங்க. பசை வேணாம், நூல் தையலே போடட்டும். போன தடவை பிள்ளைங்களே தைச்சுக்க வேண்டியதாப் போச்சு."